கை பொறுக்கும் சூடு

1

சித்திரை பிறந்ததும் நம் தினசரிகள் கிரிக்கெட் பாஷைக்குப் போய்விடுகின்றன. வெயில் 'சதமடித்தது' என்று செய்தி வருகிறது. வானிலை ஆய்வு மையம் தருவது செல்சியஸ் கணக்கு. அந்தக் கணக்கில் சதம் என்பது தண்ணீர் கொதிக்கிற நிலை. எந்த ஊரின் காற்றும் அதை எட்டப்போவதில்லை. ஆகவே பத்திரிகைக்காரர் அதை ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிக்கொள்கிறார். 37.7 என்றால் 99.9 வரும், அது செய்தியல்ல. 37.8 என்றால் நூறு, அது செய்தி. இந்த இரண்டுக்கும் நடுவே எந்தத் தோலும் வித்தியாசம் காணாது. இயற்கையில் நடக்காத ஒரு சம்பவம் அலகை மாற்றியதால் நடந்துவிடுகிறது.

இதைக் கேலி செய்துவிட்டுப் போவது சுலபம். ஆனால் அதே வீட்டில் இன்னொன்றும் நடக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் நூற்றியிரண்டு என்கிறோம். ஏ.ஸி.யை இருபத்துநாலில் வை என்கிறோம். முன்னது ஃபாரன்ஹீட், பின்னது செல்சியஸ். ஒருவரும் குழம்புவதில்லை. நூற்றியிரண்டை 38.9 ஆக்கிப் பார்த்து ஒரு தாயும் கவலைப்பட்டதில்லை. 1956-இல் சட்டம் செய்து இந்தியா மெட்ரிக் அளவைகளுக்கு மாறியது. வீசையும் பலமும் கடைகளிலிருந்து போய்விட்டன. பவுன் போகவில்லை; வங்கியில் நகைக் கடனுக்கு வருகிறவர் பவுனில் சொல்கிறார், நான் கிராமில் எழுதிக்கொள்கிறேன். காய்ச்சலின் ஃபாரன்ஹீட்டும் போகவில்லை. சட்டம் அலகை மாற்ற முடியும். அலகோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பயத்தை மாற்ற முடியாது. நூற்றிநாலு என்ற சொல்லில் இருக்கிற திகில் நாற்பது என்ற சொல்லில் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டும் ஒன்றே.

ஆக, ஒரு அளவை நாம் முதலில் பழகிக்கொள்கிறோம், அப்புறம்தான் புரிந்துகொள்கிறோம். பழக்கத்தில் உடம்பு இருக்கிறது. அளவு மாற்றத்தில் உடம்பு இல்லை. எண்ணிலிருந்து எண்ணுக்குப் போக சூத்திரம் இருக்கிறது. எண்ணிலிருந்து கைக்குப் போக சூத்திரம் இருக்கிறதா? இது பௌதிகக் கேள்வி மாதிரித் தோன்றினாலும் இதற்குள் ஒரு அறக்கேள்வி உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். பிறர் படுகிற ஒன்றை நாம் எண்ணாக வாசிக்கும்போது எது வந்து சேருகிறது, எது வழியிலேயே விழுந்துவிடுகிறது என்பதுதான் அது.

2

சூத்திரத்தையே முதலில் பார்க்கலாம். செல்சியஸை ஒன்பதால் பெருக்கி ஐந்தால் வகுத்து முப்பத்திரண்டைக் கூட்டினால் ஃபாரன்ஹீட். பள்ளிக்கூடப் பையன் செய்கிற கணக்கு. ஆனால் இதில் கவனிக்கப்படாத ஒரு பள்ளம் இருக்கிறது.

டாலரை ரூபாயாக மாற்றும்போது நாம் பெருக்குகிறோம், அவ்வளவுதான். ரூபாயில் ஒன்றுமில்லாதவனுக்கு டாலரிலும் ஒன்றுமில்லை. எல்லா நாணயங்களுக்கும் பூஜ்யம் பொது. பவுனுக்கும் கிராமுக்கும் அப்படியே. வெப்பத்துக்கு அப்படியில்லை. செல்சியஸின் பூஜ்யத்தில் ஃபாரன்ஹீட் முப்பத்திரண்டு என்கிறது. இரண்டு அளவுகோல்களும் வெவ்வேறு இடத்தில் நின்றுகொண்டு எண்ணத் தொடங்கியவை. ஆகவே ஒரு இடத்தை மாற்றுவதும் ஒரு வித்தியாசத்தை மாற்றுவதும் ஒரே காரியமல்ல. பூமியின் சராசரி வெப்பம் இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2015-இல் பாரிஸில் நாடுகள் ஒப்புக்கொண்டன. அந்த இரண்டு, ஃபாரன்ஹீட்டில் 3.6. முப்பத்திரண்டையும் சேர்த்துக் கூட்டினால் 35.6 என்று வரும். கணக்கு சரியாகவும் அர்த்தம் பைத்தியக்காரத்தனமாகவும் இருக்கும்.

இன்னொன்று. இருபது டிகிரி, பத்து டிகிரியைப்போல இரண்டு மடங்கு சூடு என்று சொன்னால் சரியா? அதே இரண்டு நிலைகளும் ஃபாரன்ஹீட்டில் 68, 50. இரண்டு மடங்கு எங்கே போயிற்று? அது வெப்பத்தில் இருந்ததே இல்லை. எண்ணில் மட்டும் இருந்தது. 1848-இல் கெல்வின் முன்வைத்த தனிப்பூஜ்ய அளவில் அந்த இரண்டு நிலைகளும் சுமாராக 283, 293. வித்தியாசம் நூற்றுக்கு மூன்றரை. எந்த அளவுகோலில் 'மடங்கு' என்ற சொல் செல்லும், எதில் செல்லாது என்று 1946-இல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் வகைப்படுத்திக் காட்டினார். உளவியலாளர் ஒருவர் இதைச் செய்ய நேர்ந்தது தற்செயல் அல்ல. உணர்ச்சியை அளக்க முடியுமா என்ற சண்டையிலிருந்து பிறந்த வகைப்பாடு அது. 'என் துக்கம் உன் துக்கத்தைப்போல் இரு மடங்கு' என்று சொல்கிறவன் பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பெருக்குகிறான்.

மூன்றாவதாக, மாற்றும்போது சிலசமயம் இல்லாதது உண்டாகிவிடுகிறது. ஆரோக்கியமான உடம்பின் வெப்பம் 98.6 என்று மனப்பாடமாக வைத்திருக்கிறோம். அந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்தது? 1868-இல் கார்ல் வுண்டர்லிஷ் என்ற ஜெர்மன் மருத்துவர், சுமார் 25,000 நோயாளிகளிடம் அக்குளில் தெர்மாமீட்டர் வைத்து எடுத்த கணக்கற்ற அளவுகளிலிருந்து 37 டிகிரி செல்சியஸ் என்ற முழு எண்ணைச் சொன்னார். முப்பத்தேழு என்பதில் ஒரு 'ஏறக்குறைய' இருக்கிறது. அதை ஃபாரன்ஹீட்டாக்கியபோது 98.6 வந்தது. அந்த 'ஏறக்குறைய' மறைந்து, பத்தில் ஒரு பங்குவரை அளந்து சொன்ன மாதிரி ஒரு தோரணை ஏறிவிட்டது. 1992-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று சராசரியை 98.2 என்றது. ஒவ்வொரு உடம்பும் நாளுக்குள்ளேயே காலை ஒன்று, மாலை ஒன்று என்று இருக்கிறது. இருந்தும் 98.6-ஐத் தாண்டினால் நோய் என்று தலைமுறைகள் நம்பின. மொழிபெயர்ப்பாளன் சேர்த்த ஒரு அழுத்தம் மூலநூலின் கருத்தாகிவிட்ட கதைதான் இது.

இந்த அளவுகோல்களின் பிறப்பையும் சொல்லவேண்டும். டான்ஸிக்கில் பிறந்து ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்த ஃபாரன்ஹீட் 1724-இல் தன் அளவை விவரித்தபோது மூன்று நிலைப்புள்ளிகளைச் சொன்னார். பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் சேர்ந்த கலவை பூஜ்யம். பனிக்கட்டியும் நீரும் 32. ஆரோக்கியமான மனிதனின் வாய் அல்லது அக்குள் 96. அளவுகோலுக்குள் ஒரு மனிதன் நின்றுகொண்டிருந்தான். 1742-இல் ஸ்வீடனில் செல்சியஸ் செய்தபோது மனிதன் வெளியே போனான். உறையும் நீரும் கொதிக்கும் நீரும் மட்டும் மிஞ்சின. அவர் கொதிநிலையைப் பூஜ்யமாகவும் உறைநிலையை நூறாகவும் வைத்திருந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவர் இறந்த பிறகுதான் அது தலைகீழாக மாற்றப்பட்டது. எந்தப் பக்கம் ஏறுவது, எந்தப் பக்கம் இறங்குவது என்பதுகூட இயற்கை சொல்லித் தந்ததல்ல. உடம்பை வைத்துச் செய்த அளவுகோலை உடம்புக்காகவும், நீரை வைத்துச் செய்ததை மற்றவற்றுக்காகவும் நம் வீடுகள் வைத்துக்கொண்டிருப்பது வெறும் தற்செயலாக இருக்கலாம். இருந்தாலும் பொருத்தமான தற்செயல்.

3

எண்ணைப்பற்றி இவ்வளவு. இனி கை.

தத்துவத்தில் கைக்குக் கெட்ட பெயர் உண்டு. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் லாக் ஒரு உதாரணம் சொன்னார். ஒரே பாத்திரத்து நீர் ஒரு கைக்குக் குளிர்ச்சியாகவும் மறு கைக்குச் சூடாகவும் இருக்கக்கூடும். ஒரே நீர் இரண்டாகவும் இருக்க முடியாது. ஆகவே சூடு என்று நாம் உணர்வது நீரில் இல்லை. நீரில் இருப்பது நுண்துகள்களின் சலனம். 1713-இல் பெர்க்லி இதே உதாரணத்தை எடுத்துக்கொண்டு வேறு திசையில் போனார். உணர்வுக்கு வெளியே பொருள் என்றே ஒன்றும் இல்லை என்ற இடம்வரை போனார். இருவருக்கும் பொதுவானது, கை சொல்வது பொருளைப்பற்றிய செய்தி அல்ல என்ற முடிவு. பிறகு வந்த பள்ளிக்கூடப் பாடபுத்தகம் இதைச் சுருக்கி, கை ஏமாற்றும், தெர்மாமீட்டர் ஏமாற்றாது என்று சொல்லிவைத்தது.

இந்த வாசகத்தில் ஒரு நன்றிகெட்டதனம் இருக்கிறது. முதல் தெர்மாமீட்டரை எதை வைத்து நம்பினார்கள்? சரிபார்க்க இன்னொரு தெர்மாமீட்டர் கிடையாது. கை சூடு என்றபோது குழாயில் திரவம் ஏறியது, குளிர்ச்சி என்றபோது இறங்கியது, அதனால் நம்பினார்கள். நம்பிய பிறகு அதை வைத்துக் கையைத் திருத்தத் தொடங்கினார்கள். விஞ்ஞான வரலாற்றாசிரியர் ஹாசோக் சாங் 2004-இல் வெளியிட்ட நூலில் இந்தப் படிப்படியான ஏற்றத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். ஏணியாக இருந்த கை, மேலே ஏறியபின் பொய்சாட்சி ஆகிவிட்டது.

ஆனால் கை உண்மையில் பொய் சொல்கிறதா? மே மாதம் நண்பகலில் வெயிலில் கிடக்கிற ஒரு பெஞ்சை எடுத்துக்கொள்வோம். பலகை மரம், கைப்பிடி இரும்பு. இரண்டும் அறுபது டிகிரி செல்சியஸில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மரத்தின்மேல் கை வைக்கலாம். இரும்பின்மேல் வைத்தால் 'ஸ்' என்று இழுத்துக்கொள்கிறோம். தெர்மாமீட்டர் இரண்டும் ஒன்று என்கிறது. கை இரண்டும் வேறு என்கிறது. பாடபுத்தகப்படி கை ஏமாந்துவிட்டது.

ஏமாறவில்லை. இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொடும் கணத்தில், தொடுகிற அந்த எல்லையில் ஒரு புதிய வெப்பநிலை உண்டாகிறது. அது தோலுடையதும் அல்ல, பொருளுடையதும் அல்ல. இருவரும் பேரம்பேசி வந்த நிலை. பேரத்தில் யார் பக்கம் சாயும் என்பது ஒவ்வொன்றும் தன் வெப்பத்தை எவ்வளவு தாராளமாகக் கொடுக்கவோ வாங்கவோ செய்கிறது என்பதைப் பொறுத்தது. இரும்பு இதில் பெருந்தனக்காரன்; மரம் ஏழை; தோல் நடுவே. தோல் 33 டிகிரியில் இருப்பதாகக் கொண்டு கணக்குப் போட்டால், அறுபது டிகிரி இரும்பைத் தொட்ட கணத்தில் எல்லையில் சுமார் 58 டிகிரி வருகிறது. கருங்கல்லானால் சுமார் 52. மரமானால் சுமார் 40. இரும்பு தன் நிலையிலேயே நின்று தோலை இழுத்துக்கொள்கிறது, மரம் விட்டுக்கொடுத்துவிடுகிறது. கை இந்த மூன்று எண்களையும் மூன்றாகவே சொல்லியது. சரியாகத்தான் சொல்லியது. தெர்மாமீட்டரிடம் 'இந்தப் பொருள் எந்த நிலையில் இருக்கிறது' என்று கேட்டோம். கையிடம் 'இந்தப் பொருள் உன்னை என்ன செய்கிறது' என்று கேட்டோம். இரண்டு கேள்விக்கு இரண்டு பதில். ஒன்றை மற்றதன் பிழையாகப் படித்தது நம் தவறு.

நம் சமையலறை இதை எப்போதும் அறிந்திருக்கிறது. பாலுக்கு உறை ஊற்றுவது கை பொறுக்கும் சூட்டில். விரலை விட்டுப் பார்த்துச் சொல்கிறார்கள். தயிராக்கும் கிருமிகள் செழிப்பதும் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான். மிகுந்தால் அவை செத்துவிடும். விரலும் உயிர், கிருமியும் உயிர். ஒரு உயிர் பொறுப்பதை வைத்து இன்னொரு உயிர் பொறுப்பதை அளக்கிற முறை இது. 'கை பொறுக்கும்' என்ற சொற்றொடரே கவனிக்கத் தக்கது. சூட்டை, அதைத் தாங்குகிறவரைக்கொண்டு பெயரிடுகிறது. அளவுகோலுக்குள் மறுபடியும் ஒரு ஆள் நிற்கிறார்.

தோலில் இருக்கிற ஒரு ஏற்பி சுமார் 43 டிகிரியில் திறந்து வலியாகச் சொல்லத் தொடங்குகிறது. 1997-இல் டேவிட் ஜூலியஸ் குழு அதை அடையாளம் கண்டது மிளகாயின் காரச் சத்தை வைத்துத் தேடியபோது. மிளகாயும் நெருப்பும் ஒரே கதவைத்தான் தட்டுகின்றன. 2021-இல் அவருக்கும் ஆர்டெம் படபூட்டியனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. சுட்டாலும் 'எரிகிறது', காரம் பட்டாலும் 'எரிகிறது' என்று தமிழ் சொல்லிவந்ததில் உருவகம் எதுவும் இல்லை என்று இப்போது தெரிகிறது.

4

இதுவரை சொன்னதை வைத்துக்கொண்டு கைக்கு முடிசூட்டிவிடலாம் என்று ஒரு சபலம் வரும். நம் சூழலில் இது வழக்கமாக நடக்கிற காரியம். இலக்கிய விமர்சனத்திலேயே பார்த்திருக்கிறோம். க.நா.சு. ரசனையை நம்பினார், தேர்ந்த கை தொட்டதும் சொல்லிவிடும் என்ற நம்பிக்கை அது. சி.சு. செல்லப்பா அலசல் வேண்டும் என்றார். சொன்னதற்குக் காரணம் காட்டு, அளந்து காட்டு என்ற கோரிக்கை அது. பின்னால் வந்தவர்கள் இதில் ஒரு கட்சி சேர்ந்துகொண்டு மறுகட்சியைத் திட்டுவதை விமர்சனம் என்று நினைத்துக்கொண்டார்கள். இரண்டு கேள்விகள் இருக்கின்றன என்று பார்க்கத் தவறினால் இப்படித்தான் ஆகும்.

கையின் எல்லையைக் காட்ட ஒரே ஒரு விஷயம் போதும். நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதத்தின் உணர்வு குறைந்துவிடும். அவர்கள் கோடையில் வெறுங்காலோடு கோயில் பிரகாரத்துக் கல்லில் நடந்தால், சுடுவது தெரியாமலே பாதம் வெந்து கொப்புளித்துவிடக்கூடும். கல் சுட்டது, கால் சொல்லவில்லை. அங்கே கால் சொன்னதே உண்மை என்று தத்துவம் பேசினால் அது குரூரம். தேய்ந்துபோன உணர்வுக்கும் ஆபத்துக்கும் சம்பந்தமில்லை. அங்கே எண் ஒரு கருணை.

தீப்புண்ணைப்பற்றிய எண்கள் 1947-இல் அமெரிக்காவில் மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்ற இருவர் பன்றித் தோலிலும் மனிதத் தோலிலும் செய்த சோதனைகளிலிருந்து தொடங்குகின்றன. எவ்வளவு சூடு என்பது பாதிக் கேள்வி, எவ்வளவு நேரம் என்பது மறுபாதி என்று அவர்கள் காட்டினார்கள். இன்று சூடான பரப்புகளுக்கான சர்வதேசத் தரநிர்ணயத்தில் இருக்கிற எண்கள் வருமாறு. ஒரு நிமிடம் தொட்டிருந்தால் தோல் வேகத் தொடங்கும் எல்லை, பூச்சில்லாத உலோகத்துக்கு 51 டிகிரி. கண்ணாடி, பீங்கான், கல் வகைகளுக்கு 56. பிளாஸ்டிக்குக்கும் மரத்துக்கும் 60. பத்து நிமிடமானால் எல்லாவற்றுக்கும் 48. எட்டு மணி நேரமானால் எல்லாவற்றுக்கும் 43.

இந்தக் கடைசி இரண்டு வரிகளில் நான் நெடுநேரம் நின்றேன். கணநேரத் தொடுதலில் பொருளின் குணம் முக்கியம். மரத்துக்கும் இரும்புக்கும் உள்ள தூரம் முக்கியம். நேரம் நீள நீள அந்தத் தூரம் கரைகிறது. பேரம் முடிந்து தோலும் பொருளின் நிலைக்கே வந்துவிடுகிறது. இரும்பென்ன, மரமென்ன; எட்டு மணி நேரத்தில் எல்லாம் ஒன்று. நம் பேச்சில் எட்டு மணி நேரம் என்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. ஒரு நாள் வேலை.

தொட்டுப் பார்க்கிறவனுக்கும் தொட்டுக்கொண்டே இருக்கிறவனுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். தாரைக் காய்ச்சிச் சாலை போடுகிற இடத்தில் நாம் வண்டியை நிறுத்தி இறங்கினால் கால் ஒரு செய்தி சொல்கிறது. அது உண்மையான செய்தி. ஆனால் அது ஒரு வினாடியின் செய்தி. காலையிலிருந்து அங்கே நிற்கிற பெண்ணின் செய்தி அல்ல. 'நானும் அந்தச் சூட்டை அனுபவித்தேன்' என்று எழுதுகிற எழுத்தாளன் இரண்டு டிகிரியை 35.6 ஆக்குகிறவனைப்போன்றவன். சூத்திரம் சரி, இடம் தப்பு.

இதைவிட மோசமான மாற்றச் சூத்திரம் ஒன்று நம்மிடம் புழக்கத்தில் இருக்கிறது. 'அவர்களுக்குப் பழகிப்போச்சு' என்பது. டீக்கடையில் கொதிக்கிற பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறவரைப் பார்த்துச் சொல்கிறோம். அடுப்பிலிருந்து கரித்துணி இல்லாமல் சட்டியை இறக்குகிற அம்மாவைப் பார்த்துச் சொல்கிறோம். செங்கல் சூளையில் நிற்கிறவரைப் பார்த்துச் சொல்கிறோம். தோல் தடித்தால் வலி தாமதமாக வரும் என்பது உண்மை. சூடு குறையாது என்பதும் உண்மை. பழக்கம் என்று நாம் பெயரிடுவது, சூடு ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட வேலையின் தழும்பு. அந்தத் தழும்பையே சூடு இல்லை என்பதற்குச் சாட்சியாக நிறுத்துகிறோம். வாக்கியத்தைப் பேசுகிறவர் எப்போதும் தடித்த கை இல்லாதவர் என்பதையும் கவனிக்கவேண்டும். பழகியவர் தன்னைப்பற்றி அப்படிச் சொல்லக்கூடும். அது வேறு வாக்கியம். அதில் பெருமையோ கசப்போ இருக்கும், தீர்ப்பு இருக்காது.

தொடுதலை இந்த மண்ணில் பௌதிகமாக மட்டும் எழுதிவிட முடியாது. டீக்கடைகளில் தலித்துகளுக்குத் தனிக் குவளை வைத்திருந்த ஊர்கள் நம்முடையவை. ஒரே டீ, ஒரே சூடு, குவளை வேறு. தெர்மாமீட்டர் அங்கேயும் ஒரே எண்ணைத்தான் காட்டியிருக்கும். கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012-இல் நூலாகக் கொண்டுவந்த விவாதம் இங்கே நினைவுக்கு வருகிறது. பட்டவன் ஒருவன், கோட்பாடு எழுதுகிறவன் இன்னொருவன் என்றால் அந்த எழுத்தின் நியாயம் என்ன என்று குரு கேட்டார். அனுபவத்துக்கு உரிமையாளன் வேறு, ஆசிரியன் வேறு என்ற வித்தியாசத்தைச் சருக்கை பரிசீலித்தார். சூட்டுக்கு உரியவர் ஒருவர். எண்ணை எழுதுகிறவர் இன்னொருவர். எழுதுகிறவர் தேவையில்லை என்று நான் சொல்லமாட்டேன். உரியவரிடம் கேட்காமல் எழுதிய எண் எந்த இடத்தில் நின்று எடுக்கப்பட்டது என்று மட்டும் கேட்பேன்.

5

எந்த இடத்தில் நின்று என்பதற்கு நேரான பதிலே இருக்கிறது. தினமும் நாம் படிக்கிற வெயில் எண், வெயிலில் எடுக்கப்படுவதில்லை. வெள்ளை அடித்த, பக்கங்களில் சாய்பலகை வைத்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில், காற்றோட்டமான நிழலில் தெர்மாமீட்டர் வைப்பதுதான் முறை. தானியங்கிக் கருவிகளும் உணரியை நிழலில்தான் வைக்கின்றன. அந்தப் பெட்டியை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சன் கலங்கரை விளக்கங்கள் கட்டிய பொறியாளர்; நாவலாசிரியர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் தகப்பனார். இதில் சூழ்ச்சி ஒன்றும் இல்லை. காற்றின் வெப்பத்தை அளக்க வேண்டுமென்றால் சூரியனும் தரையும் அதில் கலக்கக் கூடாது. விஞ்ஞானத்துக்கு அது அவசியம். ஆனால் அந்த எண் அமைப்பிலேயே நிழலில் நிற்கிறவனின் எண். காற்று நாற்பதாக இருக்கும் பகலில் தார்ச்சாலையின் மேற்பரப்பு அறுபதைத் தாண்டலாம். நாற்பதிலிருந்து அறுபதுக்குப் போகிற தூரத்தைச் செய்தி சொல்வதில்லை. செருப்புள்ளவனுக்கு அது தேவையும் இல்லை. பெரிய கோயில்களில் கோடையில் பிரகாரத்தில் தேங்காய்நார் விரிப்பைப் போட்டுத் தண்ணீர் தெளிக்கிறார்கள். வெறுங்காலை ஒரு உண்மையாக ஏற்றுக்கொண்ட இடம் என்பதால் அங்கே தரையின் சூடு கணக்கில் வருகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றது. நல்ல காரியம். வெயிலில் சாவதும் ஒரு சாவு என்று அரசேட்டில் ஏறியிருக்கிறது. ஆனால் வெப்ப அலை என்பதற்கு வானிலைத் துறையின் வரையறை, சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37, அதோடு வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது அதிகம் என்று போகிறது. மறுபடியும் நிழல் எண். கோடு ஒன்று போட்டாக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கோடு இல்லாமல் எந்த அலுவலகமும் ஒரு ரூபாயைக்கூடக் கொடுக்காது. நான் வேலை செய்கிற இடமும் கோடுகளால் ஆனதுதான். கோட்டைப் போட்டவர்கள், கோட்டுக்குக் கீழே யாரும் வேகவில்லை என்று நம்பத் தொடங்குவதுதான் அபாயம். 37.7-இல் செய்தி இல்லை என்று முடிவு செய்த பத்திரிகைக்காரரும் இதே அபாயத்தின் சின்ன உருவம்.

ஆகவே எண்ணிலிருந்து கைக்குச் சூத்திரம் உண்டா என்ற கேள்விக்கு என் பதில்: உண்டு, ஆனால் அதற்குள் மூன்று இடங்கள் காலியாக விடப்பட்டிருக்கின்றன. எந்தப் பொருள், எவ்வளவு நேரம், யாருடைய தோல். முதல் இரண்டை அளந்து நிரப்பலாம். மூன்றாவதைக் கேட்டுத்தான் நிரப்ப வேண்டும். கேட்காமல் நிரப்புகிறவன் கைவசம் வைத்திருப்பது தன் தோலை மட்டும்தான். அதைத்தான் எல்லார் இடத்திலும் எழுதுவான். கேட்ட பிறகும் பதில் 'எனக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று வந்தால், உணர்வு தேய்ந்த பாதத்தை நினைத்துக்கொண்டு எண்ணை மறுபடியும் எடுத்துப் பார்க்க வேண்டும். கேட்பது, அளப்பது இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் மற்றது கெட்டுப்போகிறது.

குறுந்தொகையின் ஐம்பத்தெட்டாம் பாட்டில் வெள்ளிவீதியார் ஒரு காட்சி வைத்திருக்கிறார். வெயிலில் காய்ந்த பாறைமேல் வெண்ணெய். அதைக் காக்க உட்கார்த்தியிருப்பவனுக்குக் கை இல்லை, பேச்சும் இல்லை. கண் மட்டும் இருக்கிறது. தன் காமநோய் அந்த வெண்ணெய் மாதிரி பரவுகிறது என்று தலைவன் நண்பனிடம் சொல்வதாகப் பாட்டு. இரண்டாயிரம் ஆண்டுக்குச் சற்று முன்பின்னான ஒரு கவிதையில் சூடான பரப்பைப்பற்றிய முழுத் தத்துவமும் இருக்கிறது. பாறையின் சூட்டை அவன் தொட்டு அறியவில்லை. வெண்ணெய் உருகுவதைப் பார்த்து அறிகிறான். வெண்ணெய்தான் அவன் தெர்மாமீட்டர். அளவு துல்லியமாகத் தெரிகிறது. தெரிந்தும் எடுக்கக் கையில்லை, கூப்பிட வாயில்லை.

காலையில் தினசரியைப் பிரித்து நாற்பத்தொன்று என்று வாசித்துவிட்டு மடித்துவைக்கிற நமக்கு அவன் நிலை அந்நியமானதல்ல. ஆனால் அவனுக்கு இருந்த நியாயம் நமக்கு இல்லை. நமக்குக் கை இருக்கிறது. கேட்க வாயும் இருக்கிறது.